குறுக்கே நின்ற ஆள்

என் கிளினிக் என்பது திருவானைக்காவலில் ஒரு மாடியில் இருக்கும் இரண்டு அறைகள். நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலிக்காரர்கள், மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்தவர்கள், ஒரு பக்கம் கை கால் விழுந்து மெல்ல மீண்டு வருகிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை வாயால் சொன்னால் படியிறங்குவதற்குள் மறந்துவிடுவார்கள். அதனால் நானே செய்து காட்டி, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில் பாயை விரித்துப் படுத்துக் காலைத் தூக்குவேன். என் கணவர் ஃபோனில் எடுப்பார்.

ஒரு நாள் தோள்வலிக்கு வருகிற ஒரு அம்மா, பயிற்சியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "மேடம், அந்தப் படத்துல பின்னாடி ஒரு பச்ச வாளி இருக்கே, அது எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

அன்றுதான் நான் என் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். வாளி மட்டுமில்லை. துணி காயும் ஸ்டாண்டு, அதில் கணவரின் பனியன், மேஜைக்கடியில் வெங்காயக் கூடை. நோயாளிகள் என் முழங்காலைப் பார்த்ததைவிட என் வீட்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

ஃபோனிலேயே வேண்டாததை அழிக்கும் வசதி இருக்கிறது என்று கணவர் சொன்னார். வாளியின் மேல் விரலால் தேய்த்தேன். ஒரு வட்டம் சுற்றியது. வாளி போய்விட்டது. போனதுகூடப் பெரிதில்லை, வாளி இருந்த இடத்தில் தரை இருந்தது. எங்கள் ஹாலின் டைல்ஸ் சாம்பல் நிறம், நடுவில் மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு வாளிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் தொடங்கியிருந்தது. இப்போது இடைவெளியே இல்லாமல் ஓடியது. போய் நிஜ வாளியைத் தூக்கிப் பார்த்தேன். கோடு அங்கேதான் இருந்தது. ஆனால் கூடவே டைல்ஸில் ஒரு விரிசலும் இருந்தது. அது படத்தில் இல்லை.

அந்த விரிசல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எது ஃபோனுக்குத் தெரிகிறது, எது தெரியவில்லை?

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துப் பார்த்தேன். காவிரிப் பாலத்தில் நின்று எடுத்த ஒரு படத்தில் மலைக்கோட்டையையே தேய்த்தேன். வானம் கீழே இறங்கி வந்தது. மலை இருந்த இடத்தில் ஒரு தென்னந்தோப்பும், நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டியும் முளைத்தன. கணவர் எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, ஊரையே காலி பண்ணிட்டியே" என்றார். எங்கோ பஸ்ஸில் போகும்போது கடந்து போகிற ஒரு நல்ல ஊர் போல இருந்தது அது. ஆனால் அந்த ஊரில் யாராவது வழி கேட்டால் எதைக் காட்டிச் சொல்வார்கள் என்று யோசித்தேன்.

இன்னொரு நாள் கிளினிக்குக்குப் போகும் வழியில், திருவானைக்காவல் கோயில் மதிலை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. படமெடுத்துக் காரை அழித்தேன். மதிலின் காவிப்பட்டையும் வெள்ளைப்பட்டையும் தரை வரைக்கும் நேராக இறங்கின. சாயங்காலம் திரும்பும்போது கார் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பட்டைகள் சரிதான், அச்சாக அப்படியே இருந்தன. ஆனால் கார் மறைத்திருந்த இடத்தில், பல நாளாக அசையாத, தார்ப்பாய் போர்த்திய ஒரு தள்ளுவண்டி இருந்தது. அதன் நிழலில் ஒரு செவலை நாய் நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. சுற்றி இருப்பதை வைத்து, இங்கே என்ன இருந்தால் பொருந்தும் என்று ஃபோன் சொல்லிவிடுகிறது. என்ன இருந்தது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. நாய் என்னைப் பார்த்து உறுமியது. வந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் அறையில் மாட்டியிருந்த படத்தின் விஷயம் வந்தது.

அப்பா திருவெறும்பூர்ப் பக்கத்தில் பெரிய ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். அம்மா போன பிறகும் சில வருடங்கள் அங்கேயே தனியாக இருந்தார். போன வருடம்தான் எங்களோடு ஸ்ரீரங்கம் வந்தார். அவர் அறையில் அம்மாவின் படம் மாட்டியிருந்தது. ஏதோ ஒரு அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அதில் அம்மா உதடுகளை இறுக்கி, எதிரில் இருப்பவன் தப்புச் செய்துவிட்டான் என்பதுபோலப் பார்ப்பாள்.

"இது அவ மாதிரியே இல்லம்மா," என்றார் அப்பா ஒரு நாள். "தினமும் கண்ணு முழிச்சா இந்த மூஞ்சிய பாக்கறேன். அவ என்னை இப்படிப் பாத்ததே இல்ல."

அம்மா சிரிக்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது ஆலை குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் சேர்ந்து முக்கொம்புக்குப் பிக்னிக் போனபோது எடுத்தது. நிறம் வெளிறிச் சிவந்துபோன பழைய பிரிண்ட். மரங்கள், பின்னால் கொஞ்சம் ஆறு. அம்மா தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். படத்தின் ஓரத்தில் நான் குந்தி உட்கார்ந்து மண்ணில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒன்றைத் தவிர. கேமராவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கட்டம் போட்ட சட்டை, அடர்த்தியான முடி. கேமராவுக்கு மிக அருகில் நிற்பதால் கொஞ்சம் மங்கல். அம்மாவின் இடது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அவனுடைய முதுகுதான்.

எங்கள் வீட்டில் அவனுக்குக் 'குறுக்கே வந்தவன்' என்று பெயர். ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அப்பா அவனைத் திட்டுவார். "யாரோ ஒரு தடியன். அத்தனை பெரிய பார்க்குல அவனுக்கு நிக்க வேற எடமே கெடைக்கல பாரு." அம்மா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

"அவனை எடுத்துடலாம்ப்பா," என்றேன்.

"எடுத்துட்டா அங்க ஓட்டையா இருக்காதா?"

"அதுவே நெரப்பிக்கும்."

அப்பா நம்பவில்லை. நான் பிரிண்டை ஃபோனில் படமெடுத்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஆளைத் தலையிலிருந்து இடுப்பு வரை தேய்த்தேன். வட்டம் சுற்றியது. அவன் போய்விட்டான்.

அம்மா முழுசாக நின்றாள். புடவை முந்தானை தோளிலிருந்து ஒழுங்காக இறங்கியது. இடது கை வந்திருந்தது, வளையல்களோடு. அந்தக் கையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது.

அப்பா ஃபோனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இது நம்ம வீட்டு கேரியர் இல்லையே," என்றார்.

அதற்குப் பிடியும் சரியாக இல்லை; அந்தரத்தில் நின்றது. மறுபடி தேய்த்தேன். இந்த முறை ஒரு பழுப்பு நிறக் கைப்பை வந்தது. இன்னொரு முறை கை காலியாக வந்தது, இடுப்பில் ஊன்றியபடி. அதற்கடுத்த முறை கை ஒரு குழந்தையின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையை எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது. அம்மாவின் சிரிப்பு மட்டும் எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது. கேரியரைத் தூக்கிக்கொண்டு யாராவது இப்படித் தலையைச் சாய்த்துச் சிரிப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"நெஜமா கையில என்னப்பா வெச்சிருந்தாங்க?"

அப்பா யோசித்தார். "உன்னைத் தூக்கி வெச்சிருப்பா."

"நான்தான் கீழ உக்காந்திருக்கேனே."

"அட, ஆமா." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "நெனப்பு இல்லம்மா. அன்னிக்குப் புளிசாதம் கொண்டுபோனோம், அது மட்டும் தெரியும். குரங்கு வந்து பிடுங்கிட்டுப் போயிருச்சு."

படத்தை எடுத்தது யார் என்று கேட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த நண்பர். எங்கள் வரிசையில் அவரிடம் மட்டும்தான் கேமரா இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து சில காலம் ஆகிறது. அவருடைய மனைவி மகனோடு உப்பிலியபுரத்தில் இருக்கிறார். அங்கே அவர்களுக்கு நிலம் உண்டு. ஆன்ட்டி என்று நான் கூப்பிடுவேன். அம்மாவின் காரியத்துக்கு வந்தபோது பார்த்ததுதான் கடைசி.

ஃபோன் செய்தேன். "ரோல் ரோலா எடுத்துத் தள்ளுவாருல்ல," என்றார் ஆன்ட்டி. "எல்லாம் ஒரு டிரங்குப் பொட்டியில கெடக்கு. நேர்ல வந்தா தேடலாம். அண்ணனையும் கூட்டிட்டு வா, பாத்து எத்தனை நாளாச்சு."

ஒரு கைக்காகவா இவ்வளவு தூரம் என்று கணவர் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். மண்ணச்சநல்லூர் தாண்டி, துறையூர் தாண்டிப் போகும்போது பச்சைமலை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வந்தது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார்கள், இது மக்காச்சோளம், இது பருத்தி என்று வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வந்தார்.

ஆன்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டு, "அப்படியே அக்கா மாதிரியே ஆயிட்டியேடி," என்றார். அம்மாவை அவர் அக்கா என்றுதான் சொல்வார். அப்பாவிடம், "வாங்கண்ணே, எளச்சுட்டீங்களே," என்றார். சாப்பாடு முடியும்வரை படப்பேச்சை எடுக்க விடவில்லை.

சாப்பிட்டதும் டிரங்குப் பெட்டி வந்தது. உள்ளே படங்கள் உறை உறையாக இருந்தன. கல்யாணங்கள், ஆலை விளையாட்டு விழா, யார் யாருடைய குழந்தைகளோ. நான் முதலில் எங்கள் படத்தை ஃபோனில் காட்டினேன், எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டுமே. அழிக்காத பழைய படம்.

"குறுக்க ஒருத்தன் நிக்கறான் பாருங்க ஆன்ட்டி. அவன் பின்னாடி அம்மா கையில என்ன இருந்துச்சுன்னு தெரியணும்."

ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏண்ணே, இது நீங்கதானே?"

"எது?"

"இந்தா நிக்கறது. முதுகக் காட்டிக்கிட்டு."

அப்பா சிரித்தார். "போம்மா. நான் எங்கயோ அந்தப் பக்கம் நின்னேன். இது எவனோ."

"எவனோவா! இந்தச் சட்டை எங்க வீட்டுக்காரரோடது. உங்க சட்டை ஆத்துல நனைஞ்சு போச்சுன்னு நான்தானே எடுத்துக் குடுத்தேன். தோள்ல இறுக்குதுன்னு சொல்லிக்கிட்டே போட்டுக்கிட்டீங்க."

அப்பா ஃபோனை வாங்கினார். நானும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அந்த முதுகை எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கி, எடையெல்லாம் ஒரு காலில். நான் பிழைப்பதே மனிதர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்துத்தான். என் எதிரில் நாற்காலியில் அதே வலது தோள் அதே போல இறங்கியிருந்தது.

"இருங்க," என்று ஆன்ட்டி ஓர் உறையைப் பிரித்துத் தரையில் கொட்டினார். முக்கொம்பு படங்கள். குரங்கு இருந்தது. ஊஞ்சலில் நான் இருந்தேன். எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதே மரங்கள். அதே ஆறு. எங்கள் படத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ எடுத்திருக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. எங்கள் படத்தில் அந்தக் கயிறு பாதி முதுகுக்குப் பின்னாலும் மீதி வெளிறிய நிறத்திலும் மறைந்து போயிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கட்டம் போட்ட சட்டையில் அப்பா, பக்கவாட்டில், கைகளை முன்னால் நீட்டி, எதையோ பிடிக்கத் தயாராக நிற்கிறார். முகம் நன்றாகத் தெரிகிறது. அந்தப் பக்கம் அம்மா. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறாள். இடது கை தோளுக்குப் பின்னால் ஓங்கியிருக்கிறது. அதில் ஒரு ரப்பர் வளையம்.

"ரிங்," என்றார் ஆன்ட்டி. "டென்னிகாய்ட். உனக்குத் தெரியாதா?"

எங்கள் பள்ளியிலும் ஆடுவார்கள், தெரியும். அம்மா ஆடுவாள் என்பது தெரியாது.

"நானும் அக்காவும்தான் ஜோடி. குவார்ட்டர்ஸ் லேடீஸ் கிளப்புல எங்கள ஜெயிக்க ஆள் கெடையாது. அக்கா காலேஜ்லயே ஆடுனவங்க. எழுதறது, சாப்பிடறது எல்லாம் சோத்துக் கையிலதான். ஆனா ரிங்கு மட்டும் பீச்சாங்கையில வீசுவாங்க பாரு, சுத்திக்கிட்டே வந்து சட்டுனு விழும். எதிர்ல இருக்கறவ கையை நீட்டிக்கிட்டே நிப்பா. அன்னிக்கு அண்ணன், 'நான் பிடிக்கறேன், ஒண்ணாவது பிடிச்சுக் காட்டறேன்'னு கயித்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்னாரு. ஒண்ணும் பிடிக்கல. ஒவ்வொண்ணும் விழ விழ அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே! அதத்தான் எங்க வீட்டுக்காரரு எடுத்திருக்காரு."

எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. கடைசி வருடங்களில் அம்மாவுக்கு இடது தோள் இறுகிப்போயிருந்தது. நான்தான் பார்த்தேன். வலக்கைக்காரர்களுக்கு இடது தோளில் இப்படி ஏன் என்று, கீழே விழுந்தாயா, எதையாவது தூக்கினாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "வயசானா வராதா?" என்று சொல்லிவிட்டுக் கையை என்னிடம் நீட்டுவாள். அவ்வளவுதான்.

"ஏன் ஆன்ட்டி விட்டாங்க?"

"உனக்கு டைபாய்டு வந்து படுத்த படுக்கையா கெடந்தியே, அப்ப கிளப்புக்கு வரதை நிறுத்துனாங்க. நீ தேறிட்ட. ஆனா அவங்க திரும்ப வரல. நானும் கூப்பிட்டுப் பாத்தேன். அப்புறம் எனக்கும் ஜோடி இல்லாம ஆடப் பிடிக்கல." இதை ஆன்ட்டி வருத்தத்தோடு சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு டைபாய்டு வந்ததில் நினைவிருப்பது அம்மா ஊட்டிய கஞ்சியும், ஜன்னல் கம்பியும்தான்.

அப்பா இவ்வளவு நேரமும் இரண்டாவது படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்ப அவளுக்குத் தெரியும்!" என்றார்.

"என்னப்பா?"

"அவளுக்குத் தெரியும்மா. நான்தான் அதுன்னு அவளுக்குத் தெரியாம இருக்குமா? எத்தனை தடவை தடியன், தடியன்னு திட்டியிருக்கேன். ஒரு தடவைகூடச் சொல்லலயே! கேட்டுக்கிட்டே சிரிச்சுட்டு உள்ள போயிருவா."

ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவருடைய முதுகு குலுங்குவது தெரிந்தது. கடைசியில் அப்பாவும் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் துறையூரில் டீ குடிக்க நிறுத்தினோம். கடையின் பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா, "அந்தப் படத்தைக் காட்டு," என்றார். "என்னை அழிச்சப்ப அங்க என்னென்ன வந்துச்சுன்னு பாப்போம்."

வரிசையாகக் காட்டினேன். கைப்பை. குழந்தை. கேரியர் வந்ததும் மறுபடி சிரித்தார். "டிபன் கேரியராம்! அவளைப் பாத்தா அதுதான் தோணுது போல இதுக்கு."

"எப்படி அழிக்கறது? எனக்குக் காட்டு," என்றார் பிறகு.

காட்டினேன். வலது ஆள்காட்டி விரலால், சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல, தன் முதுகை மேலிருந்து கீழாகப் பொறுமையாகத் தேய்த்தார். வட்டம் சுற்றி முடியும்வரை டீயைத் தொடவில்லை. அவர் போய்விட்டார். பழையபடி கொண்டுவரும் அம்புக்குறியைக் காட்டினேன். அழுத்தினார். திரும்பி வந்தார். "பரவாயில்லையே," என்றார். இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்தார்.

பிறகு கேட்டார், "இவளை அழிச்சா என்ன வரும்?"

எனக்கு அது பிடிக்கவில்லை. "வேண்டாம்ப்பா," என்றேன்.

"சும்மா பாப்போம்மா. திரும்ப வந்துடும்ல?"

"வந்துடும்."

அவரே தேய்த்தார். இந்த முறை விரல் மெதுவாகப் போனது, முகத்தின் மேல் ஒரு நொடி நின்று. வட்டம் சுற்றியது. அம்மா இருந்த இடத்தில் மரங்கள் வந்தன. ஆறு இன்னும் கொஞ்சம் நீண்டது. நன்றாகவே நிரப்பியிருந்தது, ஒட்டே தெரியவில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஆற்றைப் பார்த்தபடி தனியாக நின்றார்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துறையூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வெளியே வந்தது.

"இது சரியாத்தான் போட்டிருக்கு," என்றார் கடைசியில். "இப்ப இப்படித்தான் இருக்கு." அம்புக்குறியைத் தானே அழுத்தினார். அம்மா சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தார்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு வேறொரு யோசனை ஓடியது. இரண்டாவது படத்தையும் நான் ஃபோனில் எடுத்து வந்திருந்தேன். அதில் அம்மாவின் நிஜக் கை இருக்கிறது. வளையமும் இருக்கிறது. அந்தக் கையை எடுத்து, சிரிக்கும் அம்மாவோடு சேர்த்துவிட்டால் என்ன? இனி எதையும் யூகிக்க வேண்டியதில்லை. சிரிப்பும் அவளுடையது, கையும் அவளுடையது. இதற்கு ஃபோன் போதாது என்று கணவர் தன் லேப்டாப்பைத் தந்தார். சில நாட்கள் கிளினிக் முடிந்து வந்து அதிலேயே உட்கார்ந்திருந்தேன். தோள் எங்கே தொடங்க வேண்டும், முழங்கை எந்த அளவுக்கு மடங்க வேண்டும் என்பது மென்பொருளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முடித்தபோது குறை சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா ரிங்கை ஓங்கியபடி தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. எப்படித்தான் செஞ்சியோ."

"இதையே பிரிண்ட் போட்டுடலாமாப்பா?"

"போடலாம்..." என்று இழுத்தார். "ஆனா இதுல நான் எங்க?"

"உங்களை எடுத்தாத்தானே கை தெரியும்?"

"கை தெரியுதும்மா. ஆனா அவ யாரைப் பாத்துச் சிரிக்கறான்னு தெரியலயே. பிடிக்கத் தெரியாத ஒருத்தன் எதிர்ல நிக்கப் போய்த்தானே சிரிக்கறா."

லேப்டாப்பை மூடினேன். பழைய படத்தையே, முதுகோடு, பெரிதாகப் போடுவதென்று முடிவானது. நிறத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்தேன். வேறெதையும் தொடவில்லை.

பெரியகடை வீதிப் பக்கம் ஒரு ஃபிரேம் கடைக்கு அப்பாவும் வந்தார். கடைக்காரர் படத்தைத் திரையில் திறந்தவுடன், "அம்மா படமா மேடம்? முன்னாடி யாரோ மறைக்கறாங்களே. எங்ககிட்டயே சாஃப்ட்வேர் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல தூக்கிடலாம்," என்றார்.

"தூக்க வேண்டாங்க," என்றார் அப்பா. "அது நான்தான்."

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "சாரி சார்," என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா இல்லைங்களா மேடம்?"

"இல்லைங்க. சில வருஷமாச்சு."

"அப்பன்னா இதுல சீரியல் லைட்டு, சந்தனமாலை எல்லாம் வெச்சுக் குடுக்க முடியாதுங்க. சார் இருக்காங்கள்ல. உயிரோட இருக்கறவங்க இருக்கற படத்துக்கு மாலை போடக் கூடாது. வெறும் ஃபிரேம்தான் போடணும், வீட்டுல கல்யாணப் படம் மாட்டற மாதிரி."

எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பாவுக்கும் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன். அவர் கண்ணாடி அலமாரியில் இருந்த மரச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "வெறும் ஃபிரேமே போதும்," என்றார்.

இப்போது அந்தப் படம் அப்பாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. பொட்டில்லை, மாலையில்லை, விளக்கில்லை. திதியன்று கும்பிடுவதற்கு அந்த இறுகிய உதட்டுப் படம் பூஜை அறையில் இருக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அப்பாவைப் பார்க்க அறைக்குள் போனால், சுவரைப் பார்த்துவிட்டு, அம்மா எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார்கள் என்பார்கள். அதோடு நிற்காது. முன்னால் நிற்பது யார் என்று நிச்சயம் கேட்பார்கள். அப்பா அதற்காகவே காத்திருந்ததுபோல எழுந்து, படத்துக்குப் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி, வந்தவர்களுக்குத் தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.